குழந்தையோ இளைஞரோ திடீரென இறந்தால் பிரேதப் பரிசோதனை கட்டாயமா? சட்டம் கேட்கும் கேள்வியும் கேட்காத கேள்வியும்

ஆறு மாதக் குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகிறது. அல்லது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த 22 வயதுப் பையன் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விடுகிறது. இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் இரண்டு பேச்சு உடனே கிளம்பும். "போலீசுக்குத் தெரிஞ்சா அறுத்துடுவாங்க, சீக்கிரம் எடுத்துடுங்க" என்பது ஒன்று. "யார் மேலயும் சந்தேகம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்க" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் தவறும் இருக்கிறது. பெரிய தவறு ஒன்று இரண்டுக்கும் அடியில் இருக்கிறது: குழந்தை ஏன் இறந்தது என்று கண்டுபிடிக்கத்தான் சட்டம் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தியச் சட்டம் அதற்காக எழுதப்படவே இல்லை.

இரண்டு கட்டம்: பார்ப்பது, திறந்து பார்ப்பது

முதல் கட்டம் மரண விசாரணை. காவல் நிலையத்துக்குத் தகவல் வந்ததும் ஒரு காவல் அதிகாரி உடல் இருக்கும் இடத்துக்கு வந்து, அக்கம்பக்கத்தில் மதிப்புள்ளவர்கள் இரண்டு பேராவது முன்னிலையில் உடலை வெளியிலிருந்து பார்த்து, காயம், தழும்பு, நிறமாற்றம் எல்லாவற்றையும் எழுதி, பார்த்த அளவில் எதனால் இறந்ததாகத் தெரிகிறது என்று குறிப்பார். நம் பக்கம் பஞ்சாயத்தார் விசாரணை என்று சொல்வது இதைத்தான்.

இரண்டாவது கட்டம் பிரேதப் பரிசோதனை, அதாவது போஸ்ட்மார்ட்டம். இதை டாக்டர் செய்வார். உடலைத் திறந்து உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையானவற்றிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்.

முதல் கட்டம் நடந்துவிட்டால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அது எப்போது திறக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வீட்டு ஃபியூஸ் கணக்கு

ஒரு வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்ததும் ஒருவர் வருகிறார். மீட்டரில் யாராவது கை வைத்திருக்கிறார்களா, வெளியிலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் திருடியிருக்கிறார்களா என்று பார்க்கிறார். திருட்டு இல்லை. "பிரச்சினை ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார், ஏனென்றால் அவரை அனுப்பியதே திருட்டைக் கண்டுபிடிக்க. ஆனால் ஃபியூஸ் ஏன் போனது? சுவருக்குள் ஓடும் வயரிங்கில் கோளாறு இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். அதே வயர்தான் பக்கத்து அறைக்கும் போகிறது.

திடீர் மரணங்களில் நம் சட்டத்தின் நிலை இதுதான். இதற்கான விதி பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 வரை இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவாக இருந்தது. பழக்கத்தில் இன்னும் பலர் "174 போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். தற்கொலை, இன்னொருவராலோ விலங்காலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ நேர்ந்த சாவு, வேறு யாரோ குற்றம் செய்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழும் சாவு. இவற்றில் ஒன்றாகத் தகவல் வந்தால் போலீஸ் விசாரிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ உட்கோட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அறிக்கை அனுப்ப வேண்டும். "நன்றாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் இறந்தது" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. வயதும் எங்கேயும் வரவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே விதிதான்.

அப்போது எந்த நேரத்தில் உடல் மார்ச்சுவரிக்குப் போகும்?

அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இதைச் சொல்கிறது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகத்துக்கிடமாக இறந்தாலோ, அந்தப் பெண்ணின் உறவினர் கேட்டுக்கொண்டாலோ உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சாவுக்கான காரணத்தில் ஏதாவது ஐயம் இருந்தாலும் அனுப்ப வேண்டும். வேறு காரணத்துக்காக அனுப்புவது நல்லது என்று போலீஸ் அதிகாரி நினைத்தாலும் அனுப்பலாம்.

"காரணத்தில் ஐயம் இருந்தால்" என்ற வரி அகலமான வரி, திடீரென இறக்கும் குழந்தைகள் எல்லாருமே அதற்குள் வந்துவிடலாமே என்று தோன்றும். தாளில் வரலாம். நடப்பில் அந்த வரிக்கு வந்து சேர்வதற்கு முன்னால் சாவு போலீசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிறகு அந்த அதிகாரிக்கு ஐயம் வர வேண்டும். வீட்டிலேயே இறந்த குழந்தையை அன்று மாலையே புதைத்துவிட்டால் இது எதுவும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் கதை வேறு. வரும்போதே உயிர் இல்லை என்று டாக்டர் குறித்துவிட்டால், அதுவும் இதுவரை அந்தக் குழந்தையைப் பார்த்தே இராத டாக்டர் என்றால், எதனால் இறந்தது என்று அவரால் சான்றிதழ் எழுத முடியாது. புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், சட்டம் சார்ந்த கேஸாகப் பதிவாகும். ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் இவ்வளவும் வந்தது என்று சில குடும்பங்கள் நொந்துகொள்வது இதனால்தான். ஒரே மாதிரி சாவு, எந்த வாசலில் நுழைந்தது என்பதைப் பொறுத்து ஒன்று விசாரணைக்குப் போகிறது, மற்றது போவதில்லை.

குடும்பம் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு என்ன மதிப்பு? சட்டப்படி நடக்கும் பிரேதப் பரிசோதனைக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் விசாரணை அதிகாரி. "எங்களுக்குச் சந்தேகம் இல்லை" என்ற கடிதத்தை அவர் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம், கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புதைத்துவிட்டதால் முடிந்துபோனது என்றும் இல்லை. 196-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் உடலைத் தோண்டி எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். வட்டாட்சியர் முன்னிலையில் தோண்டி எடுத்துப் பரிசோதனை என்று செய்தியில் வருவது அதுதான்.

இதற்கு வெளியே இன்னொரு வகை இருக்கிறது, நோய்க்காரணம் தேடும் உடற்கூறாய்வு. குற்றம் எதுவும் இல்லை, நோய் என்னவென்று தெரிந்துகொள்ள மட்டும் மருத்துவமனை செய்வது. இதற்குக் குடும்பத்தின் சம்மதம் கட்டாயம் வேண்டும். இந்தியாவில் இது மிக அரிது. பெரும்பாலான டாக்டர்கள் கேட்பதில்லை, குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சுருக்கமாக: போலீசுக்குத் தகவல் போனால் மரண விசாரணை. ஐயமோ சந்தேகமோ இருந்தால் பிரேதப் பரிசோதனை, அதற்குச் சம்மதம் வேண்டாம். வெறுமனே காரணம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தனி ஏற்பாடு, அதற்குச் சம்மதம் வேண்டும்.

தமிழ்நாட்டில் இது ஏன் குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கிறது

உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்ற பெயர்களோடு பெண் சிசுக்கொலை சேர்ந்து பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் வந்தது அதனால்தான். அந்தக் கொலைகள் நடந்தன, விசாரிக்கப்பட வேண்டியவைதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதன் பின்விளைவாக, சின்னக் குழந்தையின் உடலுக்குப் பரிசோதனை என்றாலே "அம்மாவைச் சந்தேகப்படுகிறார்கள்" என்று ஊர் புரிந்துகொள்கிறது. பெற்ற வயிற்றோடு உட்கார்ந்திருப்பவளிடம் அந்தப் பேச்சு எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நல்ல மனதோடு இருக்கும் உறவினரும் பரிசோதனையைத் தவிர்க்கவே பார்ப்பார்.

தவிர்த்ததால் அந்த அம்மா தப்பித்தாளா என்றால் அதுவும் இல்லை. பால் புரையேறி இறந்தது என்று யாராவது சொல்வார்கள். உட்கார்ந்து கொடுத்திருக்க வேண்டும், படுத்துக்கொண்டே கொடுத்துவிட்டாள், ஏப்பம் விடவைக்கவில்லை என்று ஆயுசு முழுக்க அவள் தலையில் ஏறும். மூச்சுக்குழாயில் பால் இருந்ததே என்று சாட்சியும் சொல்வார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்தக் காரணத்தால் இறந்த குழந்தைக்கும் உயிர் பிரியும் நேரத்திலோ, காப்பாற்ற நெஞ்சை அழுத்தும்போதோ வயிற்றில் இருக்கும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சாவின் விளைவாக வந்த பாலை சாவின் காரணமாக எழுதிவிடுவது மிக எளிது. வாயோரத்துப் பாலைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நுரையீரல் திசுவை நுண்ணோக்கியில் வைத்து, மற்ற உறுப்புகளையும் பார்த்த பிறகுதான் ஓரளவு சொல்ல முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் கத்தி மட்டும் போதாது

திடீர் சிசு மரணம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சிட்ஸ் என்பார்கள். அது ஒரு நோயின் பெயர் இல்லை. 1991-இல் வெளியான அமெரிக்க வரையறையின்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை திடீரென இறந்து, முழுமையான பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகும் காரணம் தெரியாவிட்டால் மட்டும் அந்தப் பெயர். மூன்றையும் செய்யாமல் யாராவது சிட்ஸ் என்று சொன்னால் அது ஊகம்தான்.

இடத்தின் ஆய்வு ஏன் என்றால், மெத்தைக்குள் முகம் புதைந்து மூச்சு முட்டிய குழந்தையின் உடலும், காரணமே தெரியாமல் இறந்த குழந்தையின் உடலும் மேசையில் ஒரே மாதிரி இருக்கலாம். வித்தியாசம் படுக்கையில்தான் இருக்கும். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற விசாரணையாளர் வீட்டுக்கு ஒரு பொம்மையோடு வருவார். எப்படிப் படுக்க வைத்தீர்கள், பார்த்தபோது எப்படி இருந்தது என்று அந்தப் பொம்மையை அதே மெத்தையில் வைத்துக் காட்டச் சொல்லி இரண்டு நிலையிலும் படம் எடுத்துக்கொள்வார். பெற்றோருக்கு இது தாங்க முடியாத காரியம். ஆனால் "குப்புறக் கிடந்தது" என்ற இரண்டு சொல்லில் தெரியாதது, தலையணை எங்கே இருந்தது, மூக்குக்கும் துணிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம், அந்தப் படத்தில் தெரியும்.

கலிபோர்னியா மாநிலத்தில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை திடீரென, எதிர்பாராமல் இறந்தால் கரோனர் 24 மணி நேரத்துக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரமாக, பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கரோனர் என்பவர் சாவுகளை விசாரிப்பதற்கென்றே இருக்கும் அதிகாரி. அங்கே சந்தேகம் இருக்கிறதா என்ற கேள்வி முதலில் வருவதில்லை. குழந்தை, திடீர் சாவு, அவ்வளவு போதும். எல்லாக் குழந்தைக்கும் செய்வதால் எந்த அம்மாவும் தனியாகச் சுட்டப்படுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கும்.

இப்படிப் பார்த்ததால் பலன் உண்டா? இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் இறந்த குழந்தைகளின் விவரங்களை ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தபோதுதான், குப்புறப் படுக்க வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது 1990-ஐ ஒட்டி உறுதியாகத் தெரிந்தது. 1991 கடைசியில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. சில வருடங்களிலேயே அங்கே திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, இறந்த குழந்தைகளைப் பற்றி ஒழுங்காகக் கேட்டதால் கிடைத்த பதில் அது.

அதே இங்கிலாந்தில் தவறும் நடந்தது. சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவர்தான் கொன்றார் என்று 1999-இல் ஆயுள் தண்டனை. இப்படி இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு பேராசிரியர் நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு அடிப்படையிலேயே தவறு. ஒரே குடும்பத்தில் நடக்கும் இரண்டு சாவுகளைத் தொடர்பில்லாதவை என்று வைத்துப் பெருக்கிவிட்டார். இன்னொரு பக்கம், இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டும் ஆய்வக முடிவை பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வெளியே சொல்லவே இல்லை. 2003-இல் விடுதலையானார், 2007-இல் இறந்துபோனார். இதற்குப் பிறகு 2004-இல் ஹெலினா கென்னடி என்ற வழக்கறிஞரின் தலைமையில் நெறிமுறை எழுதப்பட்டது. குழந்தைகளின் உடலைக் குழந்தை நோயியல் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும், என்னென்ன மாதிரி எடுக்க வேண்டும், போலீசும் குழந்தைகள் நல மருத்துவரும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆக, பரிசோதனை செய்தால் மட்டும் போதாது, அரைகுறையாகச் செய்தால் நிரபராதி சிறைக்குப் போவார்.

இளைஞர்கள் விஷயம்: எந்தப் பாட்டிலில் போடுகிறார்கள்

ஃபியூஸ் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும், ஏனென்றால் இதயமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. நாற்பது வயதுக்குள் திடீரென இதயம் நின்றுபோவதற்கு இரத்தக் குழாய் அடைப்பு ஒரு காரணம். இதயத் தசை பரம்பரையாகத் தடித்துப்போவது இன்னொன்று. தசை, குழாய் எல்லாம் நன்றாக இருந்தும் மின்துடிப்பு மட்டும் தாறுமாறாகும் மரபணுக் கோளாறுகள் மூன்றாவது. முதல் இரண்டும் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்றாவதில் இதயத்தைக் கையில் எடுத்து எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, இரத்தத்தில் மரபணுவைத் தேட வேண்டும்.

இங்கேதான் சட்டத்தின் கேள்வி பாட்டில் வரைக்கும் வந்து நிற்கிறது. விஷமா என்று தேடினால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். விசரா என்பது இதுதான். நோயா என்று தேடினால் இதயத்தையும் நுரையீரலையும் ஃபார்மலினில், அதாவது திசு கெடாமல் காக்கும் திரவத்தில் போட வேண்டும், உப்பில் ஊறிய திசு நுண்ணோக்கிக்கு அவ்வளவாக உதவாது. மரபணுவைத் தேடினால் உறையாத இரத்தத்தைத் தனிக் குழாயில் எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும், ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். குற்றம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் விசாரணையில் முதல் பாட்டில் நிச்சயம் போகும். இரண்டாவது டாக்டரின் அக்கறையைப் பொறுத்தது. மூன்றாவது யாராவது கேட்டால்தான். "விஷம் இல்லை" என்று ஆய்வக முடிவு வந்ததும் கோப்பு மூடப்படும்.

கொரோனாவுக்குப் பிறகு இளைஞர்களின் திடீர் சாவுகள் பற்றி ஊரெல்லாம் பேச்சு, தடுப்பூசிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றாத நாளே இல்லை. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 18 முதல் 45 வயது வரையானவர்களின் 729 திடீர் மரணங்களை எடுத்து, உயிரோடிருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் சாவு, இறப்பதற்கு 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிய குடி, அதே நேரத்துக்குள் கடுமையான உடலுழைப்பு இவைதான் கூட்டின. இது நல்ல ஆய்வு. ஆனால் இந்தத் தகவல்கள் பெரும்பாலும் குடும்பத்தாரைப் பேட்டி எடுத்துச் சேர்த்தவை. உடலே பதில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் உறவினரைக் கேட்க வேண்டியிருந்தது.

கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் 2025-இல் அடுத்தடுத்து இளைஞர்கள் இறந்தபோது அந்த மாநிலம் ஒரு குழு போட்டது. ஜூலையில் சுகாதார அமைச்சர், மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் திடீர் மரணங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று அறிவித்தார். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரணத்தைத் தேடு என்று ஒரு மாநில அரசு இந்தியாவில் சொன்னது பெரிய விஷயம்.

நாடாளுமன்றத்தாலும் இது முடியாத காரியம் இல்லை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறக்கும் பெண்கள் பற்றிய வரி ஆதியிலிருந்தே இருந்ததில்லை. வரதட்சணைச் சாவுகள் பெருகியபோது 1983-இல் சேர்த்தார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், நோய் எதுவும் தெரியாமல் திடீரென இறக்கும் இளைஞர்களுக்கும் அதேபோல ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பயப்படுவதில் எது உண்மை

உறுப்பைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. இங்கிலாந்தில் லிவர்பூல் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் 1988 முதல் 1995 வரை இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குச் சொல்லாமலே எடுத்து வைத்திருந்தது வெளியே வந்து நாடே கொதித்தது. 2004-இல் மனிதத் திசுச் சட்டம் வந்தது அதன் பிறகுதான். ஆய்வுக்கு மாதிரி எடுப்பது வேறு, தெரியாமல் வைத்துக்கொள்வது வேறு. என்ன எடுத்தீர்கள், எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்பது குடும்பத்தின் நியாயமான கேள்வி.

உடலைச் சிதைத்துவிடுவார்கள் என்பது மிகை. கழுத்துக்குக் கீழிருந்து அடிவயிறு வரை ஒரு வெட்டு, தலையில் முடிக்குள் மறையும்படி ஒரு வெட்டு, முடிந்ததும் தைத்துத் துடைத்துக் கொடுப்பார்கள். துணி போர்த்தினால் முகம் முகமாகவே இருக்கும். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. இருட்டிய பிறகு செய்யவே மாட்டார்கள் என்பது பழைய விதி. தகுந்த வசதி உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பர் 15-இல் சொல்லிவிட்டது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சதி சந்தேகம் இவற்றுக்கு அது பொருந்தாது. உடலைத் திறக்காமல் ஸ்கேன் வழியாகப் பார்க்கும் முறையை டெல்லி எய்ம்ஸ் 2021-இல் தொடங்கியது. பரவலாக வர நாளாகும்.

இப்படி ஒரு சாவு நேர்ந்த வீட்டில் யாராவது ஒருவர் செய்யக்கூடியவை

பெற்றோரால் அந்த நேரத்தில் எதையும் யோசிக்க முடியாது. சித்தப்பாவோ தாய்மாமாவோ நிதானமாக இருக்கும் ஒருவர் இதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். விசாரணை அதிகாரியிடம், "எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை, ஆனால் காரணம் தெரியவில்லை, தெரிய வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். "காரணத்தில் ஐயம்" என்ற சட்ட வரிக்குள் அது நேராகப் போய் உட்காரும். குழந்தை படுத்திருந்த படுக்கையை, தலையணையை, பால் புட்டியைக் கழுவி எடுத்து வைக்காமல் அப்படியே படம் எடுத்து வையுங்கள். பரிசோதனை செய்யும் டாக்டரிடம் இதயத்தைத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லியும், மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லியும் கேளுங்கள். குடும்பத்தில் முன்பு யாராவது இளவயதில் இறந்திருந்தாலோ, அடிக்கடி மயங்கி விழுந்திருந்தாலோ, நீச்சலில் மூழ்கியிருந்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள், டாக்டர் எங்கே தேட வேண்டும் என்பதை அது மாற்றும். பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்கு 21 நாள் கெடு இருக்கிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பரிசோதனை நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும், இறந்தவர் இளைஞராக இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இதய மருத்துவரிடம் ஒரு இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட பரம்பரைக் கோளாறு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், பல வகைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்டுபிடித்துவிட்டால் பல வகைகளுக்கு தினமும் போடும் மாத்திரையே போதும், சிலருக்கு நெஞ்சில் ஒரு சின்னக் கருவி பொருத்துவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்புவதற்குள் அந்த அப்பாயிண்ட்மென்ட்டை வாங்கிவிடுவது நல்லது, அதற்கப்புறம் இதை நினைவுபடுத்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.